பியூஸ் போகவில்லை

செல்வம் போன மாதம் வீட்டுக்கு வந்து மைக் செட்டுக்கு வாங்கிய புது மிக்சரைப் பற்றிச் சொன்னான். பெட்டி மேடைக்குக் கீழே இருக்குமாம். எந்த மைக்கை ஏற்றுவது, எதை இறக்குவது, எதை அணைப்பது எல்லாம் கைபோனிலேயே. டீக்கடையில் உட்கார்ந்துகொண்டே மேடையில் பேசுகிறவரின் சத்தத்தைக் குறைத்துவிடலாம். செல்வத்துக்கு முப்பத்தைந்து வயது. சொந்தமாக மைக் செட் கடை வைத்திருக்கிறான், இரண்டு வேன் ஓடுகிறது.

"எல்லாம் வசதிதானுங்கண்ணா. ஆனா ஒரு தொந்தரவு," என்றான். "முந்தியெல்லாம் பேச்சு புடிக்கலைன்னா ஆம்புக்கிட்ட வந்து சத்தம் போடுவாங்க. இப்ப டீக்கடைக்கே வந்து, 'அந்தப் பொத்தான அமுக்கு'ங்கறாங்க. போன வாரம் மட்டும் ரெண்டு எடத்துல. நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

எனக்கு முகம் சூடாகிவிட்டது. "யோசிச்சுச் சொல்றேன்" என்று மட்டும் சொன்னேன். அப்படியானால் நம் மைக் செட் சங்க மலருக்கு எழுதிக் கொடுங்கள் என்று பிடித்துக்கொண்டான். நான் அஞ்சாவது வரைக்கும்தான் படித்தேன். டீக்கடைப் பேப்பரால் தமிழ் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. பிழைகளை என் மகள் திருத்தினாள். நடந்ததை மட்டும் திருத்த வேண்டாம் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

நாமக்கல்லில் அங்கப்பண்ணனின் மைக் செட் கடையில் முப்பத்தெட்டு வருடம் வேலை செய்தேன். முதல் இரண்டு வருடம் ஒயர் இழுத்தேன், மரம் ஏறினேன், குழாய் கட்டினேன். கூம்பு ஒலிபெருக்கியைத்தான் நாங்கள் குழாய் என்போம். அதற்குப் பிறகு ஆம்ப்ளிபயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன், காது இரைச்சல் தாங்காமல் சேலத்து டாக்டர் போதும் என்று சொல்லும் வரை, நடுவில் மூன்று மாதம் தவிர, எழுந்திருக்கவில்லை. இத்தனை வருடத்தில் மைக்கில் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. சோதித்துப் பார்க்கக்கூட நகத்தால் சுரண்டித்தான் பார்ப்பேன். என் குரல் எனக்கே எட்டிக் கேட்டால் கூச்சமாக இருக்கும்.

அங்கப்பண்ணனுக்கு சில பிடிவாதங்கள் உண்டு. ஒயரை முழங்கையில் சுற்றினால் முறுக்கிக்கொள்ளும் என்று தரையில் வட்டமாக விரித்துத்தான் சுற்ற வேண்டும். போலீஸ் அனுமதிக் கடிதத்தில் எத்தனை குழாய் எழுதியிருக்கிறதோ அதற்கு மேல் ஒன்று கட்டக்கூடாது. அந்தக் கடிதத்தில் நிகழ்ச்சி நடத்துகிறவர் பேருக்குக் கீழே மைக் செட்காரர் பேரும் இருக்கும். ஏதாவது நடந்தால் முதலில் தூக்கிக்கொண்டு போவது ஆம்பைத்தான். எல்லாவற்றையும்விடப் பெரிய பிடிவாதம், பேசத் தொடங்கிய ஒருத்தரின் மைக்கை எந்தக் காரணத்துக்காகவும் அணைக்கக்கூடாது என்பது. மைக் கீச்சிட்டுக் கத்தினால் கொஞ்சம் குறைக்கலாம். அவ்வளவுதான்.

"மைக்கு ஆரு கையில இருக்குதோ, அந்த நேரம் அவுங்களுது. நம்முளுது கெடையாது" என்பார்.

ஒரு உள்ளாட்சித் தேர்தல் சமயம். அங்கப்பண்ணனின் கூடப்பிறந்த தம்பி தலைவர் பதவிக்கு நின்றார். எதிர்க்கட்சிக் கூட்டத்துக்கும் எங்கள் செட்தான். பேச வந்த ஆள் தம்பியின் பேரைச் சொல்லி, குடும்பத்தையே இழுத்துக் கால் மணி நேரம் திட்டினார். கூட்டம் மொத்தமும் திரும்பி அங்கப்பண்ணனைப் பார்த்தது. அவர் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்து, வெற்றிலையை மென்றுகொண்டிருந்தார். முடிந்ததும் எழுந்து ஒயரைச் சுற்றினார்.

"ஏனுங்கண்ணா கையி மேல உக்காந்துட்டீங்க?" என்று வேனில் கேட்டேன்.

"கை சும்மா இருக்கோணுமல்லடா," என்றார்.

இவ்வளவு தெரிந்த பிறகும் நான் அந்தத் தப்பைச் செய்தேன். நான்கு வருடம் ஆகிறது.

எருமப்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர். பேர் வேண்டாம். அந்த ஊர் ஏரியில் ஒரு பக்கமாக டிப்பர் லாரிகள் மண் கொட்டி மேடாக்கிக்கொண்டிருந்தன. யார் இடம், யார் அனுமதி என்று கேட்டவர்கள் வீட்டுக்கெல்லாம் மிரட்ட ஆள் போனது. அந்தச் சமயம் எதைப் பற்றி யார் கேட்டாலும் இதுதான் நடந்தது. கொஞ்சம் கொஞ்சமாக ஊரில் பேச்சே நின்றுவிட்டது.

கல்லூரிப் பிள்ளைகள் ஏழு பேர் சேர்ந்து ஏரியைப் பற்றி வீதி நாடகம் போட வந்தார்கள். அவர்களுக்குத் தலைவி மாதிரி கோகிலா என்ற பெண். ராசிபுரத்தில் தறி ஓட்டும் மாணிக்கத்தின் மகள். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே தனி நடிப்பில் மாநில அளவில் முதல் பரிசு வாங்கியவள். வெளிமாநிலத்தில் நாடகம் சொல்லிக்கொடுக்கும் பெரிய பள்ளி ஒன்றில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. சேர்வதற்குப் போலீசிடமிருந்து நன்னடத்தைச் சான்று மட்டும் பாக்கி. இதை அவளே சொன்னாள், குழாய் கட்டிக்கொண்டிருந்த என்னிடம், ஏணியைப் பிடித்துக்கொண்டு.

"அப்பறம் எதுக்கு சாமி இந்த நேரத்துல இந்த வேலை?" என்று கேட்டேன்.

"எங்கம்மா பொறந்த ஊருங்கண்ணா இது. நான் நீச்சப் பழகுனது அந்த ஏரியிலதான்," என்றாள். "அந்தக் கொழாய ஏரிப்பக்கம் திருப்பிக் கட்டுங்க. கரைமேல இருக்கற தெருவுக்குங் கேக்கட்டும்."

அனுமதியில் இரண்டு குழாய். ஒன்றை ஊர்ப்பக்கமும் ஒன்றை ஏரிப்பக்கமும் கட்டினேன். ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு நாடகம் தொடங்கியது. தரையில் இரண்டு ஸ்டாண்டு மைக். ஆம்ப் பத்தடி தள்ளி, புளியமரத்தடியில். அங்கப்பண்ணன் அன்று வேறொரு கல்யாணத்தில் இருந்தார்.

கோகிலா கிழவியாக வந்தாள், ஏரி மீனாக வந்தாள், டிப்பர் லாரியாகக்கூட வந்தாள். லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தத்தை வாயாலேயே அவள் கொடுத்தபோது ஜனம் சிரித்துத் தள்ளிவிட்டது. முகத்திலிருந்த சாயத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, கடைசியாகத் தானாகவே பேசுவதற்கு மைக் முன்னால் வந்து நின்றாள்.

அப்போது என் தோளில் ஒரு கை விழுந்தது.

மண் கொட்டும் ஆட்களின் மேஸ்திரி. எனக்குத் தெரிந்த ஆள். இரண்டு கல்யாணத்துக்கு எங்கள் செட்டை எடுத்தவர். பக்கத்தில் இன்னும் இரண்டு பேர். பாதுகாப்புக்கு வந்த போலீஸ்காரர் தள்ளி நின்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ராசு," என்றார் மேஸ்திரி, ரொம்ப அன்பாக. "நாடகம் முடிஞ்சுதல்ல? இனி என்னத்துக்கு மைக்கு?"

"ஒரு நிமிசம் பேசி முடிச்சுருமுங்க," என்றேன்.

"பேசட்டும். மைக்கு எதுக்கு? செட்டு முழுசா ஊடு போய்ச் சேரோணுமா, வேண்டாமா? உனக்கும் புள்ளை இருக்குது."

தோளில் இருந்த கை எடை கூடிக்கொண்டே போனது. என் கை தானாக நீண்டு வால்யூமைக் கீழே இறக்கிவிட்டது. யாரும் பிடித்து இழுக்கவில்லை. என் கைதான்.

கோகிலாவின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கூட்டமும் பார்த்தது.

"பியூஸ் போச்சுங்க!" என்று கத்தினேன். வாழ்க்கையில் நான் ஒரு கூட்டத்துக்கு முன்னால் சத்தமாகச் சொன்ன முதல் வார்த்தை அது.

அவள் ஒரு நொடி நின்றாள். பிறகு மைக்கை நகர்த்தி வைத்துவிட்டு, "எல்லாரும் கிட்ட வாங்க" என்று கையசைத்தாள். ஜனம் நெருங்கி வந்து சுற்றி உட்கார்ந்தது. வரப்போகும் கிராம சபைக்கு எல்லாரும் வர வேண்டும், ஏரியை அளந்து எல்லை காட்டச் சொல்லி ஒரே மனுவில் கையெழுத்துப் போட வேண்டும் என்றாள். அவ்வளவுதான் அவள் பேசியது. பத்தடியில் இருந்த நானே காதைத் தீட்டிக்கொண்டுதான் கேட்டேன்.

அன்று பொழுது சாய்வதற்குள் ஏரியில் நின்ற டிப்பர் ஒன்றின் முன்கண்ணாடியை யாரோ உடைத்துவிட்டார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது.

மறுநாள் காலை ஆம்பைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. அங்கப்பண்ணனும் நானும் போனோம். "பியூஸ் போனதை எங்கிட்ட ஏன்டா சொல்லுல?" என்று வழியில் கேட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஸ்டேஷனில் கோகிலா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மாணிக்கம் உட்காரவில்லை. மகளுக்குப் பக்கத்தில் நின்று, சட்டையின் கடைசிப் பொத்தானைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தார். எங்களை இரண்டு மணி நேரம் காக்க வைத்தார்கள். அந்த இரண்டு மணி நேரமும் நான் சுவரில் இருந்த மின்விசிறி ரெகுலேட்டரின் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, அஞ்சு.

எஸ்.ஐ. மரியாதையானவர். அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. மேஜைக்கு முன்னால் வரச் சொல்லி, எழுதி வைத்திருந்த தாளை என் பக்கம் தள்ளினார்.

"படிச்சிருக்கியா?"

"அஞ்சாவதுங்க."

"அப்ப கையெழுத்து வரும். கீழ போட்டுட்டு ஆம்ப எடுத்துட்டுப் போயிரலாம்."

பேனாவும் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். எங்கிருந்து தைரியம் வந்ததோ, "படிச்சுப் பாத்துட்டுப் போடறனுங்க" என்றேன். ஏட்டு சிரித்துவிட்டார். "மெதுவாப் படிங்க, சாயந்தரம் வரைக்கும் டைம் இருக்குது."

நான் ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்தேன். மைக் செட் இயக்கிய நான் அருகிலிருந்து கேட்டது என்னவென்றால், மேற்படி கோகிலா என்பவர் லாரிகளை அடித்து நொறுக்குங்கள் என்று ஒலிபெருக்கி வாயிலாகப் பொதுமக்களைத் தூண்டினார் என்று இருந்தது. ஏரியில் அரைக் கிலோமீட்டர் தள்ளி இருந்த டிப்பர் டிரைவர் அதைக் குழாயில் தெளிவாகக் கேட்டதாகப் புகார் கொடுத்திருந்தார்.

"அந்தப் பேச்சே இல்லீங்க," என்றேன்.

"அப்படித்தான் அந்தப் பொண்ணும் சொல்லுது. மைக்கே ஓடலையாம், பியூஸ் போச்சாம்," என்ற எஸ்.ஐ., ஏட்டைப் பார்த்தார். ஏட்டு எங்கள் ஆம்பின் பின்பக்கத்தைத் திருகி, கண்ணாடி பியூஸை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். உள்ளே கம்பி முழுசாக இருந்தது. மூடியில் பல வருடத்துத் தூசி. யாரும் அதைத் தொட்டதே இல்லை என்று குழந்தைக்குக்கூடத் தெரியும்.

"லைன்மேனையும் கேட்டாச்சு. அந்த நேரத்துல ஊருல கரண்டும் போகல," என்றார் எஸ்.ஐ. "அப்ப இந்தப் பொண்ணு பொய் சொல்லுது. ஒண்ணுல பொய் சொன்னா எல்லாத்துலயும் பொய்தான?"

அங்கப்பண்ணன் பியூஸையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். அவருக்கு அப்போதே புரிந்துவிட்டது. மாணிக்கம் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கோகிலா மட்டும் தலை நிமிரவில்லை.

எனக்கு அந்த இடத்தில் மூன்று வழி இருந்தது. கையெழுத்துப் போடலாம். எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லலாம். மூன்றாவது, நடந்ததைச் சொல்வது. ஆனால் மேஸ்திரியின் ஆட்கள் என் வீட்டு வழி அறிந்தவர்கள். வாங்கிய பேனாவை மேஜையில் வைத்தேன்.

"பியூஸ் போகலீங்க," என்றேன்.

"என்ன? சத்தமா."

"பியூஸ் போகலீங்க. நான்தானுங்க வால்யூமக் கொறைச்சு வெச்சுட்டேன். இந்தப் புள்ள கடைசியாப் பேச வந்து நின்னதும் கொறைச்சுட்டனுங்க. அதுக்கப்பறம் பேசுனது ஒரு வார்த்தகூடக் கொழாயில போகலீங்க. எனக்கே காதத் தீட்டித்தான் கேட்டுது. ஏரியில ஆருக்குங் கேட்டிருக்காதுங்க. பயந்துட்டுப் பண்ணிப்போட்டனுங்க. பியூஸ்னு பொய் சொன்னது நானுங்க, இந்தப் புள்ள இல்லீங்க."

எஸ்.ஐ. நாற்காலியில் சாய்ந்தார். "யாரு கொறைக்கச் சொன்னது?"

இங்கேதான் நான் பாதியில் நின்றுவிட்டேன். "ஒருத்தர் வந்து சொன்னாருங்க. பேரு தெரியாதுங்க," என்றேன். தெரியும். அவருடைய அப்பா பேர்கூடத் தெரியும். அன்றும் சொல்லவில்லை, இன்றும் இதில் எழுதவில்லை. எனக்கு மகள் இருக்கிறாள். படிக்கிறவர்கள் என்னை எப்படி நினைத்தாலும் சரி.

எஸ்.ஐ. அந்தத் தாளைக் கிழிக்கவில்லை, மடித்து இழுப்பறைக்குள் வைத்தார். அதுதான் பல மாதம் என் தூக்கத்தைக் கெடுத்தது. வேறு தாள் எடுத்து, நான் சொன்னதை ஏட்டை எழுதச் சொன்னார். அதையும் விரல் வைத்துப் படித்தேன். இந்தத் தடவை ஏட்டு சிரிக்கவில்லை. கையெழுத்துப் போட்டேன். ஆம்ப் விசாரணைக்கு வேண்டும் என்று வைத்துக்கொண்டார்கள்.

வெளியே வேப்ப மரத்தடியில் மாணிக்கம் என் கையைப் பிடிக்க வந்தார். நான் பின்னால் நகர்ந்துகொண்டேன். கோகிலா கிட்ட வந்தாள்.

"எனக்கு நேத்தே தெரியுமுங்கண்ணா," என்றாள்.

"என்ன தெரியும்?"

"ஆம்புல செவப்பு லைட்டு எரிஞ்சுட்டேதான இருந்துச்சு? பியூஸ் போனா அதும் போயிருக்கோணுமல்ல?"

நான் அந்தச் சிவப்பு விளக்கை மறந்தே போயிருந்தேன். முப்பத்து நாலு வருடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவன்.

"தெரிஞ்சுமா உள்ள பியூஸ்னே சொன்ன?"

"நேத்துச் சொல்லியிருந்தா ஊர்க்காரங்க உங்கள அடிச்சிருப்பாங்க. இன்னைக்குச் சொன்னா உள்ள இருக்கறவங்க கேப்பாங்க, ஆரு அணைக்கச் சொன்னதுன்னு. நீங்க மாட்டிக்குவீங்க." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். "ஆனா உங்களுக்குப் பொய் சொல்லவே வரலீங்கண்ணா. 'பியூஸ் போச்சுங்க'ன்னு என்னமோ தீப்புடிச்ச மாதிரி கத்துனீங்க. எங்க குரூப்புல நடிக்கச் சேத்த மாட்டோம்."

அவளுக்குப் பத்தொன்பது வயது. அந்தச் சான்று கிடைக்காமல் போயிருந்தால் அவள் வாழ்க்கை அந்தப் பெஞ்சிலேயே நின்றிருக்கும். அது தெரிந்துதான் என் பொய்யைத் தன் பொய்யாகச் சொல்லியிருக்கிறாள்.

அங்கப்பண்ணன் நாமக்கல் வந்து கடையைத் திறந்து விளக்கைப் போட்ட பிறகுதான் பேசினார்.

"ஆம்பு போனாப் போவுட்டும்டா. வேற வாங்கிக்கலாம். அந்தப் புள்ள வாயத் தொறந்து நின்னுதாம், நீ அணைச்சியாம். நாளைக்கு ஒயரு இழு."

மூன்று மாதம் ஒயர் இழுத்தேன், ஐம்பத்திரண்டு வயதில் மரம் ஏறிக் குழாய் கட்டினேன். அந்த மூன்று மாதமும் தெருவில் பைக் சத்தம் வீட்டு முன்னால் குறைந்தாலே எழுந்து கதவுத் தாழ்ப்பாளைப் பார்ப்பேன். சாயந்தரம் மகள் காலேஜிலிருந்து திரும்பும்வரை பஸ் ஸ்டாப்பில் நிற்பேன். ஒன்றும் நடக்கவில்லை. நடக்காது என்றும் யாரும் சொல்லவில்லை.

புகாரின் மேல் வழக்குப் பதியவில்லை, புகார் வாங்கியதற்குக் கொடுக்கும் மனு ரசீதோடு நின்றுவிட்டது என்று மாணிக்கம் வந்து சொன்னார். சான்று வந்தது. கோகிலா ரயிலேறிப் போனாள். ஆம்பை இருபது நாள் கழித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். திறந்தால் உள்ளே ஒரு பல்லி குடியிருந்தது. கிராம சபையில் அறுபது பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். ஏரியில் இப்போது மண் கொட்டுவதில்லை. கொட்டிய மண்ணை எடுக்கவும் இல்லை. கோர்ட்டில் இருக்கிறது.

இரண்டு வருடம் முன்பு கோகிலா விடுமுறையில் வந்தபோது வாழப்பாடிப் பக்கம் ஒரு நாடகம் போட்டாள். எங்கள் செட்தான் வேண்டும் என்றாளாம். அங்கப்பண்ணன் அன்று ஆம்புக்கு முன்னால் என்னை உட்கார வைத்துவிட்டு, தான் எதிரில் ஜனத்தோடு போய் உட்கார்ந்துகொண்டார். வால்யூமைச் சரியாக வைத்துவிட்டு இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்தேன்.

நாடகம் பாதி நடக்கும்போது பின்னாலிருந்து ஒருவர் குனிந்தார். யாரென்று தெரியாது. வெள்ளை வேட்டி.

"என்னய்யா பேசுது இந்தப் பொண்ணு? கொஞ்சம் கொறைப்பா."

கோகிலா மைக்குக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அவள் கண் ஒரு தடவை என் பக்கம் வந்து போனது. என் தோள் தானாகக் குறுகியது.

"கை மரத்துப் போச்சுங்க," என்றேன். "எடுக்க முடியலீங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பைத்தியம் என்று நினைத்திருப்பார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அந்தப் பக்கம் போனார். திரும்பி ஆட்களோடு வருவாரோ என்று கடைசிவரை பின்கழுத்து கூசிக்கொண்டே இருந்தது. வரவில்லை.

முடிந்ததும் ஜனம் எழுந்து கைதட்டியது. கோகிலா மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு ஸ்பீக்கர் பாக்ஸுக்கு நேராக நடந்து வந்துவிட்டாள். அப்படி வந்தால் மைக் கத்தும். உடனே குறைக்க வேண்டும். நான் கையை எடுக்கப் பார்த்தேன். நிஜமாகவே மரத்துப் போயிருந்தது. விரல் ஒன்றும் அசையவில்லை. மைக் காது கிழியக் கத்தியது. எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டு என்னைத் திட்டினார்கள். அங்கப்பண்ணன் மட்டும் காதைப் பொத்தாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.